ரீலோட் கொடுத்து ஆள் சேர்க்காதீர்கள், மகள்

கேள்வி: ஐயா, நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். பேராதனையில் படிப்பை முடித்துவிட்டு இப்போது ஹட்டனில் வேலை செய்கிறேன். நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து, மலையகத்துக் கல்லூரி, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் காசைக் கையாள்வது பற்றி இலவச ஓன்லைன் வகுப்பு ஒன்று நடத்தினோம். ஆறு வாரம், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு சூமில், முழுக்கத் தமிழில். போஸ்டரை நிறையப் பேர் பகிர்ந்தார்கள். பதிந்தது 43 பேர். முதல் நாள் வந்தது 17 பேர். கடைசி வாரம் நான்கு பேர், அதில் ஒருத்தி என் தங்கச்சி. அடுத்த முறை, ஒரு நண்பரைச் சேர்த்துவிடுகிறவருக்குக் கைபேசிக்கு 200 ரூபாய் ரீலோட் கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொல்கிறார். ஒரு நிதி நிறுவனம் அனுசரணை தர முன்வந்திருக்கிறது. ஆனால் தங்கள் பெயரைப் போட வேண்டுமாம், பதிந்தவர்களின் தொலைபேசி இலக்கங்களும் வேண்டுமாம். என் அம்மாவோ, "கொழுந்து பறிச்ச காசுல ஒன்ன படிக்க வச்சேன், நீ எனக்கே காசு எண்ண சொல்லித் தாறியா" என்று சிரிக்கிறார். எங்கே பிழைத்தது? இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறையே இல்லையா?

பதில்:

அன்பின் மகளுக்கு,

கடைசி வாரம் வரை நான்கு பேர் இருந்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நான் வங்கியில் இருந்த காலத்தில் தலவாக்கலையில் ஒரு மண்டபம் எடுத்து, இளைஞர்களுக்கென்று சேமிப்புக் கூட்டம் வைத்தோம். நாற்பது கதிரை, மைக், வடை, தேநீர். வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் வடையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கூட்டு வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அன்று மாலை நாங்களும் உங்களைப் போலத்தான், "இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனோம். அந்தத் தீர்ப்பு பிழை என்று விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

காசு விஷயத்தில் அக்கறை இல்லாத பிள்ளை நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? போடிங்கில், அதாவது வாடகை அறையில், ஒரு சோற்றுப் பார்சலை இரண்டு பேர் பிரித்துச் சாப்பிடுகிற பிள்ளைக்கு, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், ஊருக்குப் போக பஸ் காசு எவ்வளவு, ரீலோட் எத்தனை நாளைக்கு வரும் என்பதெல்லாம் மனப்பாடம். நீங்களும் அப்படித்தானே படித்திருப்பீர்கள். அக்கறை நிறைய இருக்கிறது. உங்கள் போஸ்டர் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

போஸ்டரையும் அனுப்பியிருக்கிறீர்கள். "நிதியியல் எழுத்தறிவு மேம்பாட்டு இணையவழிச் செயலமர்வு." கோபித்துக்கொள்ளாதீர்கள், வாசித்ததும் எனக்கு அமைச்சுச் சுற்றறிக்கைதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நீலக் கோட் போட்ட ஒருவர், காசுக் குவியலில் முளைத்த ஒரு பச்சைச் செடி. இத்தனை வருடத்தில் எந்தத் தோட்டத்திலும் அப்படி ஒரு செடியை நான் பார்த்ததில்லை. "எழுத்தறிவு" என்ற சொல் வேறு. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளையிடம் போய் உனக்கு எழுத்தறிவு வேண்டும் என்றால், அது தன்னை அழைப்பதாக எப்படி நினைக்கும்?

அப்படியானால் யாருக்குக் கூட்டம் சேருகிறது? அதைக் கவனித்துப் பாருங்கள். காசு இரட்டிப்பாகும் என்று சொல்லி ஆள் சேர்க்கிறவர்களுக்குச் சேருகிறது. அவர்கள் போஸ்டர் ஒட்டுவதில்லை. ஒரே பெட்ச்சில் படிக்கிற பையன் வருவான், இல்லாவிட்டால் மாமா மகன் வருவான். போடிங் அறைக்கே வருவான். சுத்தமான நம்மூர்த் தமிழில் பேசுவான். கைபேசியைத் திறந்து, "இங்க பாரு, நேத்து வந்த காசு" என்று காட்டுவான். வருவதும் சும்மா ஒரு நாளில் இல்லை, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொலப் புலமைப்பரிசுக் காசு விழுந்த வாரத்தில் வருவான். தெரிந்த ஆள், தெரிந்த மொழி, காசு கையில் இருக்கிற நேரம் என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறான். நீங்களோ தெரியாத லிங்க் ஒன்றை, சுற்றறிக்கைத் தமிழில், மாதக் கடைசிச் சனிக்கிழமையில் அனுப்பியிருக்கிறீர்கள். அவன் சொல்வது பொய். ஆனால் அவன் வருகிற வழி சரியானது. அந்த வழியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். மகாபொல நம் பிள்ளைகள் பலருக்குச் சொந்தப் பெயரில் வரும் முதல் காசு. 1981இல் தொடங்கிய திட்டம். மாதம் 5,000 ரூபாயாகப் பல காலம் இருந்ததை 2025ஆம் ஆண்டுப் பாதீட்டில் 7,500 ஆக்கினார்கள். அந்தக் காசு மாதாமாதம் ஒழுங்காக வந்தால் ஒரு கதை. சில மாதம் வராமல் இருந்து, பிறகு சேர்ந்து ஒரே தடவையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குள் பிள்ளை கடன்பட்டிருக்கும். விழுந்த அன்றைக்குப் பழைய கடன் போகும், தம்பிக்குச் சப்பாத்து போகும், பெட்ச் ட்ரிப்புக்குப் போகும், மூன்றாம் நாள் கணக்கில் 112 ரூபாய் இருக்கும். உங்கள் முதல் பாடம் அந்த மூன்று நாட்களைப் பற்றியதாக இருக்க வேண்டும், அந்த மூன்று நாட்களுக்குள்ளேயே போய்ச் சேரவும் வேண்டும். "மகாபொல விழுந்துட்டுதா? நாளைக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்று ஒரு வரி போதும், கோட் போட்டவர் தேவையில்லை. காசு விழுந்த செய்தி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பெட்ச் குரூப்பில் அதைவிட வேகமாகப் பரவும் செய்தி வேறு இல்லை.

இரண்டாவது, பாடம் எதிலிருந்து தொடங்குகிறது என்பது. உங்கள் ஆறு வாரத் திட்டத்தைப் பார்த்தேன். முதல் வாரம் "வரவு செலவுத் திட்டமிடல்", இரண்டாம் வாரம் "சேமிப்பின் முக்கியத்துவம்". சம்பளத்தில் பாதி தேவைக்கு, முப்பது வீதம் ஆசைக்கு, இருபது வீதம் சேமிப்புக்கு என்று எங்கோ படித்ததை அப்படியே போட்டிருக்கிறீர்கள். மகள், மகாபொலக் காசில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைக்கும்? வருமானமே போதாத இடத்தில் வரவு செலவுத் திட்டம் என்பது பட்டினியை அட்டவணை போட்டு எழுதுவது மாதிரி. முதல் நாள் வந்த 17 பேரில் எத்தனை பேர் அந்த இடத்தில் விலகினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அவர்கள் வீட்டிலேயே இருக்கிற காகிதங்களில் இருந்து தொடங்குங்கள். அம்மாவின் சம்பளச் சிட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை கழிவு! சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், தீபாவளி முற்பணத் தவணை. பட்டம் படிக்கிற பிள்ளைகளில் அந்தச் சிட்டையை ஒரு தடவையாவது வரிவரியாக வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சேமலாப நிதியைத்தான் ஈபிஎஃப் என்று எல்லோரும் சொல்வோம். தொழிலாளியிடம் இருந்து 8 வீதம், தோட்ட நிர்வாகம் போடுவது 12 வீதம், அது 1958ஆம் ஆண்டுச் சட்டம். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்களே, அதற்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தொழிலாளியின் பங்கு 108, நிர்வாகத்தின் பங்கு 162. ஆக, ஒரு நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் 270 ரூபாய் அம்மாவின் பெயரில் போய்ச் சேர வேண்டும். இருபது நாள் பேர் என்றால் 5,400. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளை அன்றைக்கே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மா, ஒங்க ஈபிஎஃப் தாள் எங்க இருக்கு?" என்று கேட்கும். அப்படி ஒரு கேள்வி ஒரு வீட்டில் எழுந்தால் உங்கள் வகுப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55இல் அதை எடுக்கலாம் என்பதும், பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்பு இருந்து கணக்கில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே பெற விண்ணப்பிக்கலாம் என்பதும் நம் லயன்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்த ஒருவர் படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு போவார். அந்த வேலையைப் படித்த பிள்ளை தன் வீட்டுக்குத் தானே செய்து கொடுக்கட்டும்.

அடுத்து வட்டி. இதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைப்போம். பத்து வட்டி என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஆயிரம், வருடத்தில் பன்னிரண்டாயிரம் கட்டிய பிறகும் முதல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். கெட்டது என்று தெரிந்தேதான் அந்தக் கடனை வாங்குகிறோம். நல்ல கடன் மாதிரித் தோன்றுவதில்தான் ஏமாற்றம் கூட. கைபேசியைத் தவணைக்கு எடுக்கிறார்கள், மோட்டார் சைக்கிளை லீசிங்குக்கு எடுக்கிறார்கள். "வருடத்துக்கு 24 வீதந்தான் தம்பி" என்பார்கள். ஐம்பதாயிரம் கடனுக்கு 24 வீதம் என்றால் 12,000 வட்டி, மொத்தம் 62,000, மாதம் 5,167 என்று பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள். ஆறாம் மாதம் முடியும்போது கடனில் பாதிக்குக் கிட்ட அடைத்திருப்பீர்கள், ஆனால் வட்டியைக் கடைசி மாதம் வரை முழு ஐம்பதாயிரத்துக்கும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறைந்துகொண்டு போகிற மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் அந்த 24 வீதம் உண்மையில் 42 வீதத்துக்குக் கிட்ட வரும். இதை நான் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிப் பையன்களிடம் கைபேசிக் கல்குலேட்டரிலேயே போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து வெளியே போனான். சலித்துப்போய்விட்டான் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் தன் அண்ணனின் லீசிங் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

பிணைக் கையெழுத்தையும் இதோடு சேருங்கள். நண்பனுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பிணை நின்றால், அந்த நண்பன் தவணை தவறும்போது தன் பெயரும் கிரிப் என்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் ஏறும் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. படித்து முடித்து, வேலை கிடைத்து, முதல் தடவையாக வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

இன்னொன்று, இதை நீங்கள் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தா, வர்ற காசை எடுத்துக் குடு, ஐயாயிரம் தாறேன்" என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். ஏடிஎம் அட்டையையே வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வருகிற காசு வேறு யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கியது. பொலிஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது பிள்ளையின் பெயர். மோசடி செய்தவனின் முகம்கூட அதற்குத் தெரிந்திருக்காது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில் என் மேசைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்ற தாய் தகப்பன்மாரில் இரண்டு மூன்று பேர் இந்தக் கதையோடு வந்தவர்கள். ஒரு பாடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.

சரி, இனி சூம். 2021இல் கொவிட் காலத்தில் பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை உச்சிக்கும் மரத்தின் மேலும் ஏறிப் படித்தது வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது கல்லூரிகளில் இருக்கிறார்கள். ஓன்லைன் வகுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவர்களுக்குக் குளிரும் அட்டைக் கடியும் ஞாபகம் வரும். ஒரு மணி நேர சூம் வகுப்பு சில நூறு எம்பி டேட்டாவை விழுங்கும். இலவச வகுப்பு என்று நீங்கள் போட்டீர்கள், அந்தப் பிள்ளைக்கு அது இலவசமில்லை. சனிக்கிழமை இரவு எட்டு மணி என்பதும் ஊருக்குப் போன பிள்ளை லயன் அறையில் எல்லோரோடும் இருக்கிற நேரம். பக்கத்தில் தொலைக்காட்சி ஓடும். அங்கே இருந்துகொண்டு கடன் பற்றி வாய் திறந்து கேள்வி கேட்க முடியுமா?

நான்கு நிமிட வட்ஸ்அப் குரல் பதிவாகச் செய்யுங்கள். அது ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு பதிவில் ஒரு விஷயம், ஒரு கணக்கு. கேட்டு முடித்தபின் தனியாகக் கேள்வி அனுப்பலாம் என்று ஓர் இலக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்புங்கள். பேராதனையில் இருந்து ஊருக்குப் போகிற வழியில் வாரத்தின் பதிவை இரண்டு தடவை கேட்டுவிடலாம். தரவிறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் அறாது. சூமை முழுக்க விட வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், கேள்வி பதிலுக்கு மட்டும், கெமராவை மூடிவைத்துக்கொண்டு, பெயரை மாற்றிக்கொண்டு வரலாம் என்று சொல்லி வையுங்கள். கடனில் இருக்கிற பிள்ளை முகத்தைக் காட்டாது.

பதிவுப் படிவத்தைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வீட்டு முகவரி, பெற்றோர் தொழில். எதற்கு? ஓடிபியை யாருக்கும் சொல்லாதே, தெரியாத லிங்க்கை அழுத்தாதே, அடையாள அட்டை இலக்கத்தைக் கண்டவருக்குக் கொடுக்காதே என்று நான்காம் வாரம் பாடம் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பாடத்துக்கு வர முதல் வாரமே தெரியாத லிங்க்கில் அடையாள அட்டை இலக்கம் கேட்டிருக்கிறீர்கள். பதியாமல் போன பிள்ளைகள் உங்கள் பாடத்தை ஏற்கனவே படித்தவர்கள் போலிருக்கிறது! கூப்பிடுகிற பெயர் ஒன்று, படிக்கும் இடம் ஒன்று, இதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள். யார் நடத்துகிறார்கள் என்பதை உங்கள் ஐந்து பேரின் முகத்தோடும் ஊரோடும் போடுங்கள். "டிக்கோயா அக்கா" என்றால் பக்கத்து நோர்வூட் பிள்ளைக்கு விளங்கும்.

இப்போது அந்த ரீலோட். இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். ஆளைச் சேர்த்தால் காசு, அவர் இன்னொருவரைச் சேர்த்தால் இன்னொரு காசு. இதைத்தானே பிரமிட் என்கிறோம்? 1988ஆம் ஆண்டு வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்வது பங்கேற்பவர்களின் காசும் ஆள் சேர்ப்பும்தான் வருமானம் என்றிருக்கிற திட்டங்களை. தொடங்கியவர் மட்டுமில்லை, அதை ஊக்குவித்துப் பரப்புகிறவரும் குற்றவாளி. உங்கள் 200 ரூபாய் சட்டப்படி அந்தக் குற்றத்துக்குள் வராது, யாரும் காசு போடவில்லையே. ஆனால் பிள்ளையின் மனசில் என்ன பதியும்? 2023இல் எம்டிஎஃப்இ என்கிற செயலி இங்கேயும் பங்களாதேஷிலும் நிறையப் பேரின் பணத்தோடு மூழ்கியது. அதுவும் நண்பர் நண்பரைச் சேர்த்துத்தான் பரவியது. ஆள் பிடித்தால் காசு வரும் என்ற பழக்கத்தை நீங்களே பழக்கிவிட்டு, ஐந்தாம் வாரம் பிரமிட் திட்டங்களில் சேராதே என்று எப்படிச் சொல்வீர்கள்? கையில் ரீலோட்டுக்குக் காசு இருந்தால் கேள்வி கேட்டு எழுதுகிற பிள்ளைக்கு டேட்டாவாகக் கொடுங்கள். ஆள் சேர்ப்பதற்கு ஒரு சதமும் வேண்டாம்.

சேர்ப்பதற்கு உங்களிடம் ஏற்கனவே நான்கு பேர் இருக்கிறார்கள். தங்கச்சியை எண்ணக்கூடாது என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், நான் அவளைத்தான் முதலில் எண்ணுவேன். அந்த நால்வரையும் கூப்பிட்டு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, எது பிடித்தது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் போடிங்கில், தங்கள் வகுப்பில், ஐந்தாறு பேரை உட்கார வைத்து ஒரே ஒரு பதிவைச் சேர்ந்து கேட்கட்டும். வட்டிக் கணக்கைத் தாங்களே போட்டுக் காட்டட்டும். பெரிய விரிவுரையாளர் சொல்வதைவிட, போன வருடம் அதே மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டிய பையன் சொன்னால் காதில் ஏறும். விரிவுரையாளர்களிடம் வேறு ஓர் உதவி கேளுங்கள். புதிய பெட்ச் வரும் முதல் வாரத்தில் அறிமுக நிகழ்ச்சிகள் நடக்குமே, அதில் பதினைந்து நிமிடம். கேட்டால் கொடுப்பார்கள், ஒரு மணி நேரம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

சான்றிதழ் கொடுக்கலாமா என்று ஓர் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கொடுங்கள், தப்பில்லை. ஆனால் சான்றிதழுக்காக வருகிறவரை எண்ணி மகிழ வேண்டாம்.

நிதி நிறுவனத்தின் அனுசரணை பற்றி. மண்டபமும் தேநீரும் தந்தால் வாங்குங்கள், பெயரைக் கீழே சின்னதாகப் போடுங்கள். தொலைபேசி இலக்கங்கள் வேண்டுமென்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அடுத்த வாரமே அந்த 43 பேருக்கும் கடன் தருகிறோம் என்று தொலைபேசி வரும். நம்பி இலக்கம் தந்த பிள்ளை உங்களைத்தான் நினைக்கும். அந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்திலேயே இருக்கிறது, தடைசெய்த பிரமிட் நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டு பட்டியலையும் தேடிப் பார்க்கப் பழக்குவதே ஒரு முழு வாரப் பாடம்.

மத்திய வங்கிக்கு நுவரெலியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நிதி அறிவை வளர்க்க 2024 முதல் 2028 வரைக்கான ஒரு வழிகாட்டித் திட்டத்தையும் அவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே போய்க் கதவைத் தட்டினால் நீங்கள் ஏதோ தர்மம் கேட்கப் போனவர்கள் ஆக மாட்டீர்கள். தமிழில் பேசக்கூடிய ஒருவரை மாதாந்தக் கேள்வி பதிலுக்கு அனுப்ப முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வங்கியோடோ நிதி நிறுவனத்தோடோ பிரச்சினை என்றால் முறையிட மத்திய வங்கியின் 1935 இலக்கத்தையும், இணைய மோசடிக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்தையும் ஒவ்வொரு குரல் பதிவின் கடைசியிலும் சொல்லி வையுங்கள். காசு போன அன்றைக்கு யாரும் போஸ்டரைத் தேட மாட்டார்கள். குரூப்பில் கடைசியாக வந்த பதிவைத்தான் திறப்பார்கள்.

அடுத்த முறை எத்தனை பேர் பதிந்தார்கள் என்பதை எழுத வேண்டாம். தனியாக எத்தனை கேள்வி வந்தது, காசு போடுவதற்கு முன்னால் "அக்கா, இது சரியா?" என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். மூன்று என்றாலும் எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் அம்மா. அவர் சிரித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்றால் முழுக் கடிதத்திலும் அந்த வரிதான் பிடித்தது. தீபாவளி முற்பணத்தை வாங்கி, மாதாமாதம் கழிவு போக மிஞ்சியதில் சீட்டும் கட்டி, மரணாதாரச் சங்கத்துக்கும் கொடுத்து, ஒரு பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்பியவர் அவர். முதல் குரல் பதிவை அவரிடம் இருந்து எடுங்கள். பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, "முற்பணம் கைக்கு வந்த அன்னைக்கு மொதல்ல யாருக்கு குடுப்பீங்க, யாரை காத்திருக்க வைப்பீங்க?" என்று கேளுங்கள். நான்கு நிமிடத்துக்குள் முடிக்க மாட்டார். அப்படியானால் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். எனக்கும் ஒன்று.